நாற்பத்தோரு ஹேர்பின்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு மயிரிழைகூடப் பொய் கிடையாது. பொய் சொல்கிற வயதைத் தாண்டியாகிவிட்டது. இந்த வயதில் ஒரு பொய் சொன்னால், அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேறு ஒரு ஆளை வேலைக்குப் போட வேண்டும். ஆகவே சொல்வதெல்லாம் நடந்தது. நடந்தது நடந்தபடியே.

பயிற்சி முகாமில் அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் கயிறு. முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை தொங்கிய முடிதான் அதற்குக் காரணம். வீட்டில் அவள் தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் நின்று முடியை உதறினால், கீழ்வீட்டுக்காரர் மழை வந்துவிட்டதென்று கொடித் துணிகளை அள்ளி உள்ளே போட்டுவிடுவார். அந்தத் தலைக்குள் போன சீப்புகளில் சில திரும்பி வந்ததில்லை. பள்ளிக்கூட நாளில் காதோரம் செருகிய பேனா ஒன்று மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது. மூடி திறந்திருந்தும் மை காயவில்லை, அவ்வளவு நிழல்.

கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிகிறாள் என்பார்கள். இந்தச் சீமாட்டிக்கு அள்ளவும் தெரியாது, முடியவும் தெரியாது. பத்தொன்பது வயது வரைக்கும் அம்மாதான் பின்னிவிட்டாள்.

அம்மா கயிறு ஆலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். கப்பலைக் கரையில் கட்டுகிற பின்னல் கயிறு. இயந்திரம் தன் பாட்டுக்குப் பின்னிக்கொண்டே போகும். ஓடுகிற கயிற்றின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நிற்பதுதான் அம்மாவின் வேலை. எங்காவது இழை மெலிந்திருந்தால், எங்காவது அறுந்ததை ஒட்டியிருந்தால், விரல் நின்றுவிடும். உடனே இயந்திரமும் நிற்கும். "கண்ணு ஏமாந்துடும்டி, விரல் ஏமாறாது" என்பாள். மகளுக்கும் கப்பல் கயிறு மாதிரிதான் பின்னிவிடுவாள். மற்ற பெண்களுக்கு மூணு கால் பின்னல் என்றால் இவளுக்கு அஞ்சு கால்.

ஐம்பத்தாறாவது வயதில் அம்மாவுக்கு ஞாபகம் மெலியத் தொடங்கியது. சாவி வைத்த இடம் போயிற்று. அப்புறம் தெருப்பெயர். அப்புறம் அண்ணன் முகம். கடைசியாக ஒருநாள் காலையில் எதிரே நின்ற மகளைப் பார்த்து, "யாரும்மா, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள்.

மகள் திரும்பி, அம்மாவின் காலடியில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். அம்மாவின் விரல்கள் தானாக முடிக்குள் போயின. ஐந்தாகப் பிரித்தன. ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு. மூன்றாவது மடிப்பில் அம்மா சொன்னாள்: "ஏண்டி, இன்னிக்கு சீக்கிரமே எழுந்துட்டியா?"

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மூன்றாவது மடிப்பு வரைக்கும் அவள் யாரோ. அதற்கப்புறம் மகள்.

இந்த நிலையில் அவள் ஏன் பட்டாளத்தில் சேர்ந்தாள் என்று கேட்பீர்கள். அம்மா இரண்டு முறை கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். இரண்டு முறையும் கயிறு ஆலை வாசலில், காலை ஷிஃப்டுக்கு நிற்பது போல நின்றிருந்தாள். நடுவில் லாரிகள் ஓடுகிற பெரிய சாலை. இரண்டாவது முறை மயிரிழையில் தப்பினாள். லாரியின் முன்விளக்கு அவள் கைப்பையைக் கிழித்துவிட்டுப் போனது. ஞாபகம் தப்பியவர்களை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று ராணுவத்திடம் இருந்தது. பட்டாளத்தில் இருப்பவர்களின் தாய் தகப்பனுக்கு மட்டும்தான் அங்கே கட்டில். பிள்ளை பயிற்சியை முடித்தால் கட்டில், முடிக்காவிட்டால் இல்லை.

"பத்து வாரம் நான் பார்த்துக்கறேன்" என்றார் மாமா. அம்மாவின் அண்ணன், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற ஒண்டிக்கட்டை. "பதினொண்ணாவது வாரம் என்னையும் சேர்த்துப் பார்த்துக்க ஆள் தேடு."

ஆக, பத்து வாரத்துக்குள் இரண்டு காரியம் நடக்க வேண்டும். பயிற்சியில் தேற வேண்டும். தலைமுடி அப்படியே வீடு திரும்ப வேண்டும்.

முதல் நாள் மாலை முப்பத்திரண்டு பெண்களையும் வரிசையில் நிறுத்தி சார்ஜென்ட் சட்டம் சொன்னார். அந்த அம்மாள் பேசும்போது உதடு மட்டும்தான் அசையும், மற்றதெல்லாம் சிலை.

"முடி காலரைத் தொடக் கூடாது. காதை மூடக் கூடாது. கொண்டை போட்டா என் கைமுட்டியைவிடப் பெரிசா இருக்கக் கூடாது. தொப்பி சாயக் கூடாது. காலையில இதுக்கெல்லாம் சேர்த்து உங்களுக்கு மூணு நிமிஷம். முடியாதவங்களுக்கு, அதோ நாற்காலி."

ஸ்டோர் அறை வாசலில் ஒரு நாற்காலி, அதன் பக்கத்தில் முகாமின் முடிவெட்டுகிறவர். முப்பது வருஷமாக ஆண்களின் தலையை மட்டுமே பார்த்தவர். அரிசி நீளத்துக்கு மேல் வளர்ந்த முடியை அவர் பட்டாளத்தில் கண்டதில்லை. வரிசையின் கடைசியில் நின்ற கயிற்றைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

சார்ஜென்ட் அவள் பின்னால் வந்து, அவசரமாகச் சுருட்டிய கொண்டைக்குப் பக்கத்தில் தன் கைமுட்டியை வைத்து அளந்தார்.

"இது கொண்டையா, இன்னொரு தலையா?"

"கொண்டைதான் மேடம்."

"நாளைக்கு ரெண்டு தொப்பி கேட்பியா?"

"கேட்க மாட்டேன் மேடம்."

"அந்த நாற்காலியில போய் உட்காருவியா?"

"மாட்டேன் மேடம்."

சார்ஜென்ட் மூன்று நிமிஷம் என்பதற்கு அடையாளமாக மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் இருபத்தாறு பேர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து மிச்சமிருந்த ஆறு பேரைத்தான் காலை ஆய்வில் முதலில் பார்த்தார்கள்.

கயிற்றுக்கு அடுத்த கட்டில் தும்மலுடையது. அவள் தும்மினால் எட்டுக் கட்டில் தள்ளித் தொங்குகிற துண்டு கீழே விழும். ஒருமுறை அவள் தும்மியதில் கூடத்துச் சுவர்க்கடிகாரம் ஏழு நிமிஷம் முன்னால் ஓடிவிட்டது. முகாமே ஏழு நிமிஷம் முன்னதாக எழுந்து, ஓடி, குளித்து, சாப்பிட்டது. யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஆனால் அவள் அப்பா குழாய் ரிப்பேர் செய்பவர். சின்ன வயதிலிருந்து நீளமான தண்ணீர்க் குழாய்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றி அவளுக்குப் பழக்கம்.

"கொண்டை போடுறேன்னு உருட்டுனா உருண்டையாத்தான் வரும்" என்றாள் தும்மல். "குழாயை எப்படிச் சுத்துவோம்? தட்டையா. தட்டு மாதிரி. திரும்பு."

மாலை ஓய்வு நேரம் முழுதும் சிக்கெடுப்பார்கள். இரண்டு சடையாகப் பின்னி, நுனியை ரப்பர் பேண்டால் இறுக்கி, கயிறு அப்படியே குப்புறப் படுத்துவிடுவாள். விசில் ஊதியதும் தும்மல் முழங்காலை அவள் முதுகில் ஊன்றி இரண்டு சடையையும் பிடரியில் வட்டம் வட்டமாகச் சுற்றுவாள். கயிறு வாயில் கவ்வியிருக்கும் ஹேர்பின்களை ஒவ்வொன்றாக நீட்டுவாள். நாற்பத்தோரு ஹேர்பின். நாற்பது போட்டால் கொண்டை ஓடும்போது குலுங்கும், நாற்பத்திரண்டு போட்டால் கண் மூடாது. மேலே வலை. வலைக்கு மேல் ஈரக்கை. இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடி.

தலைவலி காலை ஆறு மணிக்குத் தொடங்கி, அவிழ்க்கிற வரைக்கும் இருக்கும். நெற்றிப்பொட்டுக்கு மேல் முடி இழுத்து இழுத்து இரண்டு ரூபாய்க் காசு அளவுக்கு வழுக்கை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அலசினால் புதன்கிழமை வரை உள்ளே காயாது. ஒரு புதன்கிழமை அவள் ஹெல்மெட்டைக் கழற்றியபோது கொண்டையோரம் குட்டையாக ஒரு காளான் முளைத்திருந்தது. சார்ஜென்ட் அதை வெகுநேரம் பார்த்தார். அதன் தொப்பி நேராக இருந்ததால் தண்டனை கொடுக்கவில்லை.

நாலாவது வாரம் திசைகாட்டிப் பயிற்சி. எட்டுப் பேர், ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. வடக்கே மூன்று கிலோமீட்டரில் ஒரு குன்று, அதன் மேல் கொடி. கயிறு வரைபடத்தோடு முன்னால் நடந்தாள், தும்மல் திசைகாட்டியோடு பின்னால். வடக்கு வடக்கு என்று நடந்து, சமையற்கூடத்தின் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். திரும்பவும் நடந்தார்கள். திரும்பவும் சமையற்கூடம். மூன்றாவது முறை சமையல்காரர் அவர்களுக்கென்றே தட்டு எடுத்து வைத்துவிட்டார்.

சார்ஜென்ட் அங்கே காத்திருந்தார். "எதிரி என்ன, அடுப்படியிலயா ஒளிஞ்சிருக்கான்?"

"ஊசி இந்தப் பக்கம்தான் காட்டுது மேடம்" என்றாள் தும்மல்.

சார்ஜென்ட் திசைகாட்டியை வாங்கிப் பார்த்தார். கயிற்றை இடப்பக்கம் நடக்கச் சொன்னார். ஊசி இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் நடக்கச் சொன்னார். ஊசி வலப்பக்கம். நாற்பத்தோரு இரும்பு ஹேர்பின். அந்த முகாமில் அவள் நின்ற இடம்தான் வடக்கு.

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து வெளிப்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அவளை மற்றவர்களுக்கு முப்பதடி பின்னால், தனியாக நடக்கவிட்டார்கள். முன்னால் ஏழு பேர் பேசிக்கொண்டு போவார்கள். பேச்சு அவள் காதில் விழும், வார்த்தை விழாது. அம்மாவுக்கும் உலகம் இப்படித்தான் கேட்குமோ என்று ஒருமுறை நினைத்தாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மற்ற ஐந்து பேரும் நாற்காலிக்குப் போய்விட்டார்கள். முடிவெட்டுகிறவர் தினமும் சாயங்காலம் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பார். "நான் அவசரப்படுத்தலம்மா" என்பார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் டெலிபோன்.

"மாமா, அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்கா. கைக்கு எது கிடைச்சாலும் பின்னிடுறா. என் ஷூ லேஸைப் பின்னிட்டா. திரைச்சீலை நுனியைப் பின்னிட்டா. நேத்து என் பைஜாமா நாடாவை ஜன்னல் கம்பியோட சேர்த்துப் பின்னிட்டா."

"அது பரவாயில்ல மாமா, அவுத்துக்கலாமே."

"பைஜாமாக்குள்ள நான் இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் தெருவுல போறவன் வர்றவனுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கிட்டு நின்னேன். இரு, அவகிட்ட குடுக்கறேன்."

டெலிபோன் கை மாறியது.

"யாருங்க?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா."

"எந்த நான்?"

டெலிபோனுக்குள் முடியை நீட்ட முடியாது. "முடி பத்திரமா இருக்கும்மா" என்றாள்.

"என் பொண்ணோட முடியா? அதை ஈரத்தோட கட்ட வேண்டாம்னு சொல்லுங்க. உங்க பேச்சையாவது கேக்குறாளா பார்ப்போம்."

"சொல்றேங்க" என்றாள் மகள்.

ஏழாவது வாரம் துப்பாக்கி சுடும் தேர்வு. குப்புறப் படுத்துச் சுட வேண்டும். படுத்து, தலையைத் தூக்கி, இலக்கைப் பார்க்க வேண்டும். தலையைத் தூக்கினால் ஹெல்மெட்டின் பின்விளிம்பு கொண்டையில் இடிக்கும். கொண்டை அதை முன்னால் தள்ளும். முன்விளிம்பு புருவத்தைத் தாண்டி மூக்கின் மேல் வந்து உட்காரும். நூறு மீட்டரில் இருக்கிற பலகைக்குப் பதிலாக ஹெல்மெட்டின் உள்பக்கம்தான் தெரியும். அதில் யாரோ ஒரு பழைய சிப்பாய் எழுதிவைத்த 'வீட்டுக்குப் போகணும்' என்ற வரி அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

பத்துக் குண்டில் ஏழு தேற வேண்டும். முதல் சனிக்கிழமை ஒன்றும் தேறவில்லை. ஒரு குண்டு மட்டும் சமையற்கூடத்து மணியில் பட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி முன்னால் மணி அடித்தது. முகாமே கைதட்டியது. இரண்டாவது சனிக்கிழமை தும்மல் கொண்டையே போடாமல் சடைகளைத் தலையைச் சுற்றிச் சும்மாடு மாதிரி வைத்துப் பார்த்தாள். ஹெல்மெட் தலையில் இறங்காமல், பானை மேல் கவிழ்த்த கிண்ணம் மாதிரி நின்றது. பத்துக்கு இரண்டு.

அன்று சாயங்காலம் சார்ஜென்ட் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த சனிக்கிழமைதான் கடைசி. அதுலயும் தவறினா மூட்டையைக் கட்டு."

"தெரியும் மேடம்."

"ஓடுற, ஏறுற, தூக்குற, எல்லாத்துலயும் முதல் அஞ்சுல இருக்கே. ஒரு முழம் மயிருக்காக வீட்டுக்குப் போகப் போறியா? யாருக்காக இது? எவனாவது வெட்டாதேன்னானா?"

"அம்மாவுக்காக மேடம்."

சொன்னாள். அஞ்சு கால் பின்னலை, மூன்றாவது மடிப்பை, லாரியை, கட்டிலை, எல்லாவற்றையும் அட்டென்ஷனில் நின்றபடியே சொன்னாள். சார்ஜென்ட் கேட்டுக்கொண்டிருந்தார். முதன்முறையாக அவர் உதடு அசையாமல் முகத்தில் வேறு என்னவோ அசைந்தது.

"என்னால வேற ஹெல்மெட் செஞ்சு குடுக்க முடியாதும்மா" என்றார் கடைசியில். "குண்டுக்கு உங்கம்மாவைத் தெரியாது."

நாலு நாள் அவள் யோசித்தாள். முடி இருந்தால் அம்மாவுக்கு மகள் இருப்பாள், கட்டில் இருக்காது. முடி போனால் கட்டில் இருக்கும், மகள் இருக்க மாட்டாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஊசி அவள் தலையையே காட்டியது. ஐந்தாம் நாள் காலையில், முப்பதடி பின்னால் நடந்துகொண்டிருந்தபோது, முகாமின் வேலிக்கு வெளியே ஒரு லாரி சத்தமாகப் பிரேக் போட்டது. ஒன்றும் ஆகவில்லை, நாய் ஏதோ குறுக்கே ஓடியிருக்கிறது. ஆனால் அவள் கால் நின்றுவிட்டது.

என்னைத் தெரியாமலாவது அம்மா உயிரோடு இருக்கட்டும். இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் ஸ்டோர் வாசலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முடிவெட்டுகிறவர் துணியைப் போர்த்திவிட்டு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மயிரைக் கட்டி மலையை இழுக்குறதும்பாங்க. வந்தா மலை, போனா மயிர். கவலைப்படாதே" என்றார்.

"எனக்குப் போறது மயிர் இல்லைங்க" என்றாள் அவள்.

அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

ஒரு நிமிஷம் அவகாசம் கேட்டு, முடியைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டு, ஐந்தாகப் பிரித்துத் தானே பின்னினாள். தன் தலையைத் தானே அஞ்சு காலில் பின்னியது அதுதான் முதல் முறை. விரல்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மூன்றாவது மடிப்பில் கொஞ்சம் நிறுத்தினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் பின்னி, மேலும் கீழும் பூட்ஸ் லேஸால் கட்டினாள்.

முதல் கத்தரிக்கோல் உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவது, உடையாமல் வளைந்தது. முடிவெட்டுகிறவர் ஸ்டோருக்குள் போய், முள்வேலி வெட்டுகிற கட்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வெட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவள் மூடவில்லை, அவர்தான் மூடிக்கொண்டார். பின்னல் தரையில் விழவில்லை. பிரசவம் பார்க்கிறவர் மாதிரி இரண்டு கையிலும் அதைத் தாங்கி வாங்கினார். துப்பாக்கி துடைக்கிற புதுத் துணியில் சுற்றி அவள் மடியில் வைத்தார்.

பாரம் போனதும் அவள் தலை தானாக மேலே தூக்கிக்கொண்டது. இரண்டு நாள் வானத்தைப் பார்த்தபடிதான் நடந்தாள். கீழே பார்க்கச் சொல்லி எழுத்து மூலமாக உத்தரவு போட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பத்துக்குப் பத்து. யாரும் கைதட்டவில்லை. தும்மல்கூடத் தும்மவில்லை.

பத்தாவது வாரக் கடைசியில் அணிவகுப்பு. பார்க்க வருகிறவர்களுக்கு மைதானத்து ஓரம் நாற்காலி போட்டிருந்தார்கள். அணிவகுப்பு முடிந்து கலைந்ததும் தும்மல் கயிற்றைத் தண்ணீர்த் தொட்டி மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்னல் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். இரண்டு அங்குலம் மிச்சம் விட்டிருந்த பிடரி முடியில் பின்னலின் தலைப்பை வைத்து, நாற்பத்தோரு ஹேர்பின்னையும் குத்தினாள்.

"அசையாம போய் உக்காரு. தலையைத் திருப்பாதே. மூணு மடிப்பு தாங்கினா போதும் இல்ல? தாங்கும். என் அப்பன் குழாய் மேல சத்தியமா தாங்கும்."

கொண்டையில்லாமல் பின்னல் தொங்கவிட்டபடி ஒரு சிப்பாய் சீருடையில் மைதானத்தைக் கடந்தாள். எதிரே சார்ஜென்ட் வந்தார். அவள் நின்றாள். சார்ஜென்ட் அண்ணாந்து, மழை வருமா என்று மேகத்தைப் பரிசோதிக்கத் தொடங்கினார். அவள் கடந்து போகிற வரைக்கும் அந்தப் பரிசோதனை முடியவில்லை.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். பக்கத்தில் மாமா. அவர் சட்டைப் பொத்தான் துளைகளில் நூல் நூலாகப் பின்னல் தொங்கியது.

"யாரு வந்திருக்கா பாரு" என்றார் மாமா.

அம்மா பார்த்தாள். "வணக்கம்மா" என்றாள், சீருடைக்குக் கொடுக்கிற மரியாதையோடு.

மகள் திரும்பி, புல்லில், அம்மாவின் காலடியில் முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்னலின் நுனியை ஒரு கை தூக்கியது. இரண்டு விரல், ஓடுகிற கயிற்றின் மேல் வைக்கிற மாதிரி, நுனியிலிருந்து மேலே வரத் தொடங்கியது. இடுப்பு. முதுகு. தோள்பட்டை. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தும்மல் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் மூச்சு மாறியது மகளுக்குக் கேட்டது. வாயில் ஏதோ ஒரு வார்த்தை வந்து நின்ற மாதிரி இருந்தது.

விரல் பிடரிக்கு வந்தது. நின்றது.

"இங்க ஒட்டு இருக்கு" என்றாள் அம்மா.

"இல்லம்மா" என்றாள் மகள்.

"இருபத்தெட்டு வருஷம். எனக்கா தெரியாது? ஒட்டுப் போட்ட கயிறை அனுப்பக் கூடாது. பாரம் தாங்காது." கோபமில்லை, வேலையிடத்துக் கண்டிப்பு. ஒவ்வொரு ஹேர்பின்னாக உருவினாள். உருவி உருவி மாமாவின் கையில் கொடுத்தாள். மாமா கையை நீட்டியபடி நின்றார். நாற்பத்தோராவது வந்ததும் பின்னல் கழன்று அம்மாவின் மடியில் சுருண்டது.

அதை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பத்து வாரத்தில் அப்படி ஒரு முகத்தை மாமா பார்க்கவில்லை.

"இது நல்ல இழை. இது என் பொண்ணு முடி." குனிந்து சிப்பாயைக் கேட்டாள்: "உன் தலைக்கு எப்படிம்மா வந்தது?"

மகள் திரும்பி முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பத்திரமா வெச்சிருந்து உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்கம்மா."

"யாரு?"

"உங்க பொண்ணு."

"வருவாளா?"

"வருவாங்கம்மா."

வயதான எந்தப் பெண்ணையும் அம்மா என்று கூப்பிடலாம். அந்த ஒரு வசதி மட்டும் அவளுக்கு மிச்சமிருந்தது.

மாமா ஹேர்பின்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "காத்துல என்னமோ தூசி" என்றார். காற்றே இல்லை. அப்போது தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் வந்தது. மைதானத்தில் கட்டியிருந்த கொடிகள் எல்லாம் ஒரு பக்கமாகப் பறந்தன. மாமா சொன்னது நிஜமாகிவிட்டது.

அம்மாவுக்குக் கட்டில் கிடைத்தது. ஜன்னலோரம். கதவுகளுக்கு உள்பூட்டு, வெளியே சாலையே இல்லை. காலையில் எழுந்ததும் பின்னலைப் பிரிப்பாள். ஐந்தாகப் பிரித்துத் திரும்பப் பின்னுவாள். லீவு கிடைக்கிற நாளெல்லாம் ஒரு சிப்பாய் வருவாள். அவளைப் பார்த்தால் அம்மாவுக்குச் சந்தோஷம், ஏனென்றால் ஒற்றை ஆளாகப் பின்னினால் இறுக்கம் வராது, இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும்.

"இந்தத் தலைப்பைக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா" என்பாள்.

சிப்பாய் பிடித்துக்கொள்வாள்.

"நீயும் முடி வளர்த்துக்கோயேன். உனக்கு என்ன வயசு? உங்கம்மா பின்னிவிட மாட்டாங்களா?"

"பின்னிவிடுவாங்கம்மா."

ஒரு மடிப்பு. இரண்டு மடிப்பு. சிப்பாய் தலைப்பை இறுக்கிப் பிடிப்பாள், அவள் கை மரத்துப்போகும். மூன்றாவது மடிப்பில் அம்மா குனிந்து, மடியில் கிடக்கும் முடியிடம் கேட்பாள்: "ஏண்டி, இன்னிக்கு சீக்கிரமே எழுந்துட்டியா?"

நடந்தது நடந்தபடியே என்றேனே, ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: அந்த முகாமில், ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல், வாசலைத் தாண்டிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் மொட்டை அடித்துவிடுவார்கள்.